மூன்றாம் இலக்க விளக்கு

அத்தியாயம் 11

“அந்த லைட்ட எங்கிட்டத் தாங்க ஐயா.”

கடையில் ஏற்றிய ஊதுபத்தி பாதிகூட எரியவில்லை. சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டுத் திரும்பிய சண்முகநாதன் முதலாளியின் எதிரில் போய் நின்று துஷ்யந்தி கேட்டுவிட்டாள்.

கேட்கவே கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். விடியற்காலையில் லயத்து வீட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்று அம்மா பஞ்சவர்ணம் சொன்னாள்: “லீவு கேளு, ஆஸ்பத்திரிக்குப் போக வேன் கேளு. அந்த லைட்ட மட்டும் கேக்காத புள்ள. கேட்டா நாம அழிஞ்சோம்.” ஏன் என்று கேட்டதற்கு அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“எந்த லைட்டு?” என்றார் முதலாளி. குரலில் ஒரு சுருக்கமும் இல்லை.

“எங்கப்பாவ அடிச்ச லைட்டு.”

கவுண்டரில் வயர் அளந்துகொண்டிருந்தவனின் கை நின்றது. முதலாளி அவனை ஒரு பார்வை பார்த்தார். கை மறுபடி அளக்கத் தொடங்கியது.

கரவனெல்ல கடைத்தெருவுக்கு நடந்ததெல்லாம் தெரியும். சண்முகநாதனுக்குச் சொந்தமான பழைய துரை பங்களாவில், முன் ஹோலில், உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல் மீன் தொட்டிக்கு மேலே தொங்கிய விளக்கைத் துடைக்கப் போன அவள் அப்பா பழனியாண்டி அப்படியே மல்லாந்து விழுந்து கிடந்தார். ஆறு நாளாய் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். காலையில் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு, பகலில் அந்தப் பங்களாவைக் கூட்டித் துடைத்து, தொட்டியையும் பார்த்துக்கொண்டவர். இப்போது வலது கை முழங்கை வரைக்கும் கட்டுக்குள் இருக்கிறது. ஏன் விழுந்தார் என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

“ஒங்கப்பாவ லைட்டு அடிச்சதுன்னு யாரு சொன்னா?”

“உள்ளங்கை வெந்திருக்கு. விழுந்தா இடுப்புதான் ஒடியும் ஐயா, கை வேகாது.”

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். “நீ படிச்ச புள்ள துஷ்யந்தி. ஒன்னய நான் எப்படிப் பாத்தேன்னு ஊருக்கே தெரியும்.”

உண்மைதான், ஊருக்கே தெரியும். தோட்டத்தின் முதல் பட்டதாரி என்று அவர் சந்தியில் கட்டிய பேனர் இரண்டு மழைக்காலம் தாங்கியது. அதில் அவர் படம் ஒரு முழம். அவள் படம் தபால்தலை அளவு. அந்தப் பேனருக்கு நன்றி சொல்லிச் சொல்லியே அவள் அப்பாவின் கழுத்து முன்னால் வளைந்துபோனது.

மாடியிலிருந்து சஞ்சீவ் இறங்கி வந்தான். முதலாளியின் ஒரே மகன். மலேசியாவில் படித்துவிட்டு வந்து, பல்பும் மோட்டாரும் விற்ற கடையின் மாடியில் கடல் மீன் தொட்டிகளுக்கான எல்.ஈ.டி. விளக்கு பொருத்தும் பட்டறை போட்டவன். அவளுக்கு வேலை கொடுத்தது அவன்தான்.

“அந்த லைட்டா? கழட்டி எறிஞ்சாச்சு. வேற மாட்டியிருக்கு” என்றான். “நானே அத நூறு தரம் தொட்டிருக்கேன். எனக்கு ஒரு தரமும் ஒண்ணும் செய்யல. ஒங்கப்பாவுக்கு மட்டும் என்னா விசேஷம்? முந்தின நாள் தீவாளிச் சரக்கு மிச்சம் இருந்திருக்கும்.”

“எங்கப்பா குடிக்கிறதில்ல சார்.”

“எல்லார் அப்பாவும் குடிக்கிறதில்லதான்.” அவன் சிரித்தான். “சரி, சண்டை போடுற நாள் இல்ல இது. நாலு மணிக்குக் கொழும்பிலயிருந்து ஆதிப் வர்றாரு. பங்களாவுக்கு வந்து ஒன்னோட ஷீட்ட அவருக்கு விளக்கணும். நீ அளந்தது, நீ சொன்னாத்தான் எடுபடும். இது முடிஞ்சா பெரிய ஓடர்.”

அவள் மாடிக்குப் போனாள். தன் நோட்டையும், மின்னழுத்தம் பார்க்கும் மீட்டரையும் பையில் போட்டாள். கதவருகில் சாமி படங்களுக்கு விற்கும் சிவப்புச் சீரோ பல்புகள் பெட்டியாய் இருந்தன. அதில் ஒன்றையும், ஹோல்டரோடு ஒரு முழ வயரையும் எடுத்துக்கொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை.

*

நான்கு மாதத்துக்கு முன்னால் அந்த மாடியில்தான் அவள் மூன்று விளக்குகளை அளந்தாள்.

பவளத்துக்கு விளக்கு என்பது சோறு. அதன் சதைக்குள் குடியிருக்கும் பாசி வெளிச்சத்தைத் தின்றால்தான் பவளம் உயிரோடு இருக்கும். அதற்கு நீலம் வேண்டும். மனிதக் கண்ணுக்கு நீலம் மங்கல். முதல் நாள் பார்த்துவிட்டு முதலாளி, “என்னாடா இது, சாவு வீட்டு வெளிச்சம் மாதிரி இருக்கு. வெள்ளையாப் போடு” என்றார். துஷ்யந்திதான், கண்ணுக்குத் தெரிவது வேறு, பாசிக்குப் போய்ச் சேருவது வேறு என்று விளக்கினாள். பாசி தின்னும் வெளிச்சத்தை மட்டும் எண்ணுகிற கருவி ஒன்று உண்டு. பட்டறையில் ‘பார் மீட்டர்’ என்பார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மேல் நூல் கட்டி, பதினைந்து கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று ஆழத்தில் அந்தக் கருவியை இறக்கி எண் எடுத்தாள். பிளக்கில் ஏறும் மின்சாரத்தை இன்னொரு மீட்டரில் பார்த்தாள். ஒரு வாட்டுக்கு எவ்வளவு வெளிச்சம் என்று வகுத்தாள்.

முதலாவது 1.9. இரண்டாவது 2.0. மூன்றாவது 2.3.

மூன்றாவது ஏன் முந்தியது என்று திறந்தும் பார்த்தாள். மற்ற இரண்டிலும், வீட்டு மின்சாரத்தை விளக்குக்கு ஏற்ற மாதிரி மாற்றும் பெட்டிக்குள் ஒன்றையொன்று தொடாத இரண்டு கம்பிச் சுருள்கள் இருந்தன. ஒரு சுருளிலிருந்து மறு சுருளுக்குச் சக்தி தாண்டும். வீட்டு மின்சாரம் தாண்டாது. தாண்டும்போது கொஞ்சம் சூடாகி வீணாகும். மூன்றாவதில் அந்தச் சுருள்களே இல்லை. அதனால் வீணும் குறைவு.

அந்த வீண்தான் காவல் என்று அவளுக்குத் தெரியும். இறுதி வருடத்தில் பரீட்சைக்கே வந்த கேள்வி. நோட்டில் பென்சிலால் போட்ட ஷீட்டின் அடியில் ஒரு வரி எழுதினாள்: ‘சுருள் இல்லை. உப்புத் தண்ணீருக்கு மேலே பாதுகாப்பில்லை.’

சஞ்சீவ் படித்துவிட்டு, “இது எபிஷியன்சி ஷீட்டும்மா. கேட்டது எத்தனைன்னுதான். வெளிக்கூடு நல்லா சீல் பண்ணியிருக்கு, ஒண்ணும் ஆகாது” என்றான்.

அவள்தான் அந்த வரியை அழித்தாள். அவன் அழிக்கச் சொல்லக்கூட இல்லை. சுத்தமாகப் படியெடுத்த தாளின் கீழே கையெழுத்துப் போட்டு, பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் எழுதினாள். முதல் தடவையாக ஓர் அலுவல் தாளில் அந்த மூன்று எழுத்தை எழுதிய சந்தோஷம் அன்றைக்கு முழுக்க இருந்தது.

*

பன்னிரண்டு மணிக்கு வார்டைத் திறந்தார்கள்.

பழனியாண்டி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பஞ்சவர்ணம் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தாள். இடது கை சும்மாதான் கிடந்தது. ஆனாலும் அவள் ஊட்டினாள், அவரும் குழந்தை மாதிரி வாயைத் திறந்தார்.

“டொக்டர் என்னாம்மா சொன்னாரு?”

“ரெண்டு வெரலுக்கு உசிரு இல்லியாம். எடுக்கணுமாம்.” பஞ்சவர்ணம் கரண்டியைப் பார்த்தபடியே சொன்னாள். “நாளைக்கு.”

“எந்த ரெண்டு?”

அம்மா தன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிக் காட்டினாள். அந்த இரண்டு விரலும் இல்லாமல் பால் வெட்டும் கத்தியைப் பிடிக்க முடியாது. பட்டை சீவும் ஆழம் மயிரிழை கூடினால் மரம் காயப்படும். அந்த மயிரிழையை அறிவது ஆள்காட்டி விரல்தான். முப்பத்திரண்டு வருடம் ஒரு மரத்தையும் காயப்படுத்தாத கை அது.

பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டோடு கிடந்த அழகமுத்து என்பவர் எட்டிப் பார்த்தார். “மகளாங்க? ஒங்கப்பாவால அன்னைக்கு ராவு பூரா எனக்குத் தூக்கம் போச்சும்மா. பொலிசு சார்ஜன் வந்து கேக்குறான், இவரு ‘மம வெட்டுணா, மம வெட்டுணா’ங்கிறாரு. அரைத் தூக்கத்துல நான் நெனச்சேன், பால் வெட்டுற மனுசன யாரோ வெட்டிப்புட்டான்னு!”

சிங்களத்தில் ‘வெட்டுணா’ என்றால் விழுந்தேன். அழகமுத்துவுக்கும் அது நன்றாகத் தெரியும். வார்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணம்கூட லேசாகச் சிரித்தாள்.

துஷ்யந்தி சிரிக்கவில்லை. “பொலிசுக்கு விழுந்தேன்னா சொன்னீங்க?”

“விழுந்தேன்தானே.”

“அப்பா.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே மழை இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அடிக்கல புள்ள,” என்றார் மெல்ல. “எல்லாரும் கரண்டு அடிக்கும்பாங்க. அது அடிக்கல. புடிச்சுக்கிச்சு. உதறுறேன், கை வரல. கத்துறேன், சத்தம் வரல. தொட்டிக்குள்ள மீனெல்லாம் அதுபாட்டுக்குப் போகுது, வருது. அதப் பாத்துக்கிட்டே நின்னேன்.”

“பின்ன ஏன் விழுந்தேன்னு சொன்னீங்க?”

பஞ்சவர்ணம் கரண்டியைக் கோப்பைக்குள் போட்டாள். “சொல்லுங்க. இனிமே மறைச்சு என்னா.”

“பொலிசு வர்றதுக்கு முந்தியே சின்ன முதலாளி வந்தாரு,” என்றார் பழனியாண்டி. “ஒரு தாளு காட்டுனாரு. எல்லாத்துலயும் இந்த லைட்டுதான் நல்லதுன்னு ஒங்க மக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கா, பாருங்கன்னாரு. கரண்டுன்னு நீங்க வாயத் தொறந்தா, பொலிசு மொத மொதல்ல அவ கையிலதான் விலங்கு போடும்னாரு.” அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். “ஒன்னோட கையெழுத்துதானா அது?”

“ஆமாப்பா.”

“அப்ப நான் விழுந்ததாவே இருக்கட்டும்.”

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்! ரொட்டியில் பாதியை மகள் தட்டுக்குத் தள்ளிவிட்டு எனக்குப் பசியில்லை என்பாரே, அதே குரல். இரண்டு விரலையும் அதே மாதிரி தள்ளி வைத்துவிட்டார்.

துஷ்யந்திக்கு அழுகை வரவில்லை, வந்தது கோபம். சஞ்சீவ் மேல் வந்தது, அப்பா மேலும் வந்தது. எல்லாவற்றையும் விடத் தன் மேல் வந்ததுதான் அதிகம். அழித்த அந்த ஒரு வரியை நோட்டில் இப்போதும் படிக்கலாம். பென்சிலால் எழுதி அழித்ததுதான், தாளில் பள்ளம் அப்படியே இருந்தது.

“எங்க போற?” என்றாள் அம்மா.

“பங்களாவுக்கு. வரச் சொல்லியிருக்காங்க.”

“எதையும் கேக்காத புள்ள!”

“கேக்கலம்மா. பாக்கத்தான் போறேன்.”

*

பங்களாவின் சமையலறைப் படியில் வழக்கம்போல் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. துரை காலத்து வழக்கம். வேலைக்காரர்கள் செருப்போடு உள்ளே கால் வைக்கக் கூடாது. துரைகள் கப்பலேறிப் போய்த் தலைமுறைகள் ஆகிவிட்டன. பங்களாவை இப்போது தமிழ் முதலாளி வாங்கியிருக்கிறார். வழக்கத்தையும் சேர்த்து வாங்கியிருக்கிறார்.

துஷ்யந்தி தன்னை அறியாமல் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டாள். அப்போதுதான் வரிசையின் ஓரத்தில் அந்த ஜோடியைப் பார்த்தாள். நீல வார், இடது வாரில் ஊக்குப் போட்டிருக்கும். ஆறு நாள் மழைத் தண்ணீர் குதிகால் பள்ளத்தில் தேங்கி நின்றது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அவர் செருப்பை எடுக்கவில்லை.

அவள் அசையாமல் நின்றாள்.

‘நானே நூறு தரம் தொட்டிருக்கேன். எனக்கு ஒண்ணும் செய்யல.’

செய்யாதுதான். சஞ்சீவ் ரப்பர் அடி போட்ட சப்பாத்தோடு ஹோலுக்குள் நடப்பவன். அவன் உடம்புக்குள் நுழைந்த மின்சாரத்துக்கு வெளியேற வழியில்லை. வெறுங்காலோடு, ஈரச் சீமெந்துத் தரையில் நிற்கிற மனிதனுக்கு உள்ளங்கையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் வழி திறந்து கிடக்கிறது. மரியாதைக்காகத் திறந்து வைத்த வழி.

“என்னா மகள் மழையில நிக்கிற?” சமையல்காரி மரியம் உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு கையில் வாளி, மறு கையில் ஈரத் துணி. வெறுங்கால். “மத்தச் செருப்பையும் கழட்டிட்டு வா. நாலு மணிக்கு ஆள் வராங்களாம். தொட்டி லைட்டுல உப்புப் பூத்திருக்கு, துடைச்சி வைன்னு சின்னவரு போன்ல சொன்னாரு. தோ, அதுக்குத்தான் போறேன்.”

துஷ்யந்தி கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு ஒரே தாவலில் உள்ளே போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வாளி உருண்டது.

“என்னா புள்ள! கையை உடைச்சிருவ போல!”

“அதத் தொடாதீங்க மரியம் மாமி. செத்துருவீங்க.”

ஹோலில் தொட்டி நீலமாய் எரிந்துகொண்டிருந்தது. ஆறடி நீளம். பச்சை, ஊதா, செம்மஞ்சள் என்று பவளங்கள் கொழுத்து விரிந்து கிடந்தன. அவற்றுக்கு ஒரு வேளைச் சோறுகூடத் தவறவில்லை. தலைக்கு நேராகத் தொங்கிய விளக்கின் பக்கவாட்டில் அவள் கையாலேயே மார்க்கரில் எழுதிய 3. கூட்டின் விளிம்பெல்லாம் வெள்ளை உப்பு. முன் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் உப்பைச் சுரண்டியிருந்தார்கள். சுரண்டியும் போகாத பழுப்பு அடையாளம் நான்கு விரல் அகலத்துக்கு இருந்தது.

கழற்றவுமில்லை, எறியவுமில்லை. ஒரு நாள்கூட அணைத்ததில்லை.

மீட்டரின் ஒரு முனையைக் கூட்டில் வைத்தாள். மறு முனையைத் தொட்டிக்குத் தண்ணீர் வரும், நிலத்துக்குள் இறங்கும் இரும்புக் குழாயில் வைத்தாள். நூற்று எண்பத்து மூன்று வோல்ட் என்று காட்டியது. இந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆளைக் கொல்லச் சக்தியில்லாத கசிவுக்கும் மீட்டர் பெரிய எண் காட்டும். அதனால் பையிலிருந்து சிவப்புச் சீரோ பல்பை எடுத்தாள். ஒரு வயர் கூட்டில். மறு வயர் குழாயில்.

பல்பு எரிந்தது.

மங்கலாகத்தான் எரிந்தது. ஆனால் ஓர் இதயத்தை நிறுத்த அவ்வளவு போதும். பழைய பங்களா என்பதால் அந்த ஹோலுக்குக் கசிவு கண்டால் தானே விழும் சுவிச்சும் கிடையாது.

“யா அல்லாஹ்,” என்றாள் மரியம். தன் இரண்டு காலையும் குனிந்து பார்த்தாள். “ஒங்கப்பா சும்மா நிக்கிற மாதிரியே நின்னாரு மகள். நான் கூப்புட்டேன். திரும்பல. கோவமா இருக்காருன்னு நெனச்சேன்.”

வாசலில் கார் வந்து நின்றது.

*

ஆதிப் நாற்பது வயதுக்காரர். கொழும்பில் ஹோட்டல்களுக்குக் கடல் மீன் தொட்டி அமைத்துக் கொடுப்பவர். தொட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“மாஷா அல்லாஹ்! என்ன கலர்!”

“எல்லாம் லைட்டோட வேலை,” என்றான் சஞ்சீவ். “இவங்கதான் எங்க துஷ்யந்தி. பல்கலைக்கழகத்துல பௌதிகம் படிச்சவங்க. ஒவ்வொரு வாட்டையும் எண்ணி எடுத்தவங்க. ஷீட்டப் பாருங்க, ஒரு வாட்டுக்கு 2.3! சொல்லுங்க துஷ்யந்தி.”

“2.3 சரி,” என்றாள் துஷ்யந்தி. “ஆனா கூட்டுல கரண்டு இருக்கு. எங்கப்பா கைய எரிச்சது இந்த லைட்டுதான். இப்பவும் இருக்கு.”

சஞ்சீவின் முகம் ஒரு கணம்தான் மாறியது. உடனே சிரித்துவிட்டான். “அப்பா விழுந்ததுல புள்ளைக்கு மனசு சரியில்ல. கரண்டா? எங்க, பாப்போம்.” கையை உயர்த்திக் கூட்டின் மேல் உள்ளங்கையை அகல விரித்து வைத்தான். வைத்தபடியே ஆதிப்பைப் பார்த்தான். “அடிக்குதா? இல்லியே!”

“சப்பாத்தக் கழட்டுங்க சார்.”

“என்னா?”

“சப்பாத்தையும் சொக்ஸையும் கழட்டிட்டு, அந்தா வாளி கொட்டின எடத்துல நின்னு தொடுங்க. எங்கப்பா அப்படித்தான் தொட்டாரு. செருப்போட ஹோலுக்கு வரக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க.”

சஞ்சீவ் கீழே பார்த்தான். ஈரத் தரையையும் தன் சப்பாத்தையும் பார்த்தான். கூட்டின் மேல் இருந்த கையை, அவசரமில்லாத மாதிரி, எடுத்துப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டான்.

“கழட்டுங்க சார். நூறு தரம் தொட்டவங்கதானே, நூத்தியோராவது தரம்.”

“வாய அடக்கு. யாருகிட்டப் பேசுறேன்னு தெரியுதா?”

“தெரியும்.”

ஆதிப்தான் இடையில் புகுந்தார். “மிஸ், போன மாசம் நான் எடுத்த முப்பதும் இதே சாமானா?”

“இதே பெட்டிதான். உள்ளுக்குச் சுருள் இல்லாதது.”

“சுருள் உள்ளதப் போட்டா எபிஷியன்சி எவ்வளவு குறையும்?”

“நூத்துக்குப் பத்து வீதத்துக்கு மேல குறையும்.”

அவர் உச்சுக் கொட்டினார். பவளங்களைப் பார்த்தார். மனதுக்குள் ஏதோ கணக்கு ஓடியது. “பத்து வீதம் அதிகம்தான். ஹோட்டல்காரங்க கரண்டு செலவத்தானே முதல்ல கேப்பாங்க. ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோமா? ‘ஈரக் கையால் தொடாதீர்’னு?”

“எந்த மொழியில சார்?”

“ஆ?”

“அந்த முப்பது லைட்டையும் துடைக்கிறது யாரு? பேரு தெரியுமா? எழுத்து வாசிப்பாங்களா? காலுல செருப்பு இருக்குமா?”

ஆதிப் பாவம் போலத்தான் நின்றார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கேட்கத் தோன்றியதில்லை, அவ்வளவுதான். நான்கு மாதத்துக்கு முன்னால் மாடியில் ஒரு வரியை அழித்தவளுக்கும் கேட்கத் தோன்றவில்லையே.

துஷ்யந்தி சுவருக்குப் போய் விளக்கின் சுவிச்சை அணைத்தாள். ஹோல் சட்டென்று சாம்பல் நிறமானது. அத்தனை பவளமும் கழுவாத பாத்திரம் மாதிரி ஆனது.

“பவளம் செத்துரும்டி!” என்று சஞ்சீவ் கத்தினான். மரியாதை எல்லாம் ஒரு சுவிச்சில் போய்விட்டது.

“ரெண்டு மூணு நாள் இருட்டுல கெடந்தா அது சாகாது. நான் படிச்சிருக்கேன்.” பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “மரியம் மாமி, யாரு சொன்னாலும் அதத் தொடாதீங்க. செருப்பப் போட்டுக்கங்க.”

சஞ்சீவ் வாசலை மறித்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “நீ எங்க போறேன்னு தெரியுது. போ. ஆனா ஷீட்டுல இருக்கிறது என் பேரு இல்ல. ஒன் பேரு. ஒன் பட்டம். சுருள் இல்லைன்னு தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்னு ஒன் நோட்டுலயே இருக்கு. ஒன்னயத்தான் உள்ள வைப்பாங்க. வேலை போகும், பேரு போகும். அடுத்து எவன் ஒனக்கு வேலை குடுப்பான்?”

“தெரியும் சார். அதுக்குத்தான் நோட்டையே எடுத்துக்கிட்டு வந்திருக்கேன்.”

அவன் வழிவிடவில்லை. ஆதிப்தான், “விடுங்க சஞ்சீவ்” என்றார். யாருக்காகச் சொன்னார் என்று தெரியாது. அவள் பக்கவாட்டில் புகுந்து வெளியே வந்தாள்.

வாசல் படி இறங்கும்போது போன் அடித்தது. அம்மா.

“புள்ள, பெரிய முதலாளி வார்டுக்கு வந்திருக்காரு.” பஞ்சவர்ணம் மூச்சு வாங்கினாள். பின்னால் கட்டில் இழுபடும் சத்தம் கேட்டது. “தாளு ஒண்ணு கொண்டு வந்திருக்காரு. தானா வழுக்கி விழுந்தேன், யாரு மேலயும் குத்தம் இல்லைன்னு எழுதியிருக்காம். அப்பாவால கையெழுத்துப் போட ஏலாதுன்னு மைப்பெட்டியும் கொண்டு வந்துட்டாரு. எடது கைப் பெருவிரலக் கேக்குறாரு. அப்பா நீட்டிட்டாரும்மா. நான்தான் கையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். என்னா செய்யட்டும்?”

துஷ்யந்தி நடந்துகொண்டே இருந்தாள். கேட் வந்தது. ரப்பர் மரங்களுக்கிடையில் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் ஆஸ்பத்திரி பஸ். வலது பக்கம் போனால் இறக்கத்தில் பொலிஸ் ஸ்டேஷன். மழை பிடித்துக்கொண்டது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், நோட்டு நனையாமல்.

“முடிஞ்ச மட்டும் புடிச்சுக்கம்மா. முடியலைன்னா விட்டுரு.”

“விட்டுரவா? என்னா புள்ள சொல்ற?”

“அப்பா விழுந்தாருன்னே எழுதிக்கட்டும்மா. தள்ளிவிட்டது யாரு யாருன்னு எழுதிக் குடுக்க நான் போறேன். மொத பேரு என்னோடது.”

அம்மா ஏதோ கத்தினாள். துஷ்யந்தி போனை அணைத்துவிட்டு வலது பக்கம் இறங்கினாள்.